பட்டப்படிப்புக்கு முந்தைய ஓர் ஆண்டு

அவையில் கூடியிருக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

அறிவியல் பட்டப்படிப்பில் சேருமுன் ஓர் அடித்தள ஆண்டு படிக்கவேண்டும் என்று கேட்டதும், கைநழுவிப்போன ஓர் ஆண்டாகவே அதைப் பலர் எண்ணிவிடுகிறார்கள். பள்ளியில் வேறு பாடப்பிரிவை எடுத்தவர், தேவையான மதிப்பெண்ணை எட்டாதவர், பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் படிப்புக்குத் திரும்புகிறவர், தம் நாட்டுப் பள்ளிச் சான்றிதழ் வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தகுதியோடு பொருந்தாதவர் எனப் பலரும் அந்த ஆண்டில் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பயிற்சியில் ஓர் இடைவெளி இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்பவருக்கு இந்த ஆண்டு பெரும்பயன் தரும் என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

முன்தகுதி இல்லாதவரும் அறிவியல் கற்கலாம் என்பதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் நிறுவப்பட்டு 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது, நுழைவுத் தகுதி எதையும் கேட்கவில்லை. அதற்கு ஈடாக அடித்தளப் பாடங்களை வைத்தது. அவற்றுள் அறிவியலும் ஒன்று. சிறிய நுண்ணோக்கி உள்ளிட்ட சோதனைக் கருவிகள் மாணவர்களின் வீட்டுக்கே அனுப்பப்பட்டன. பாடநூலை மட்டும் அனுப்பிவிட்டு அறிவியலைக் கற்பித்துவிட முடியாது என்பதை அந்தப் பாடத்தை வகுத்தவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தார்கள்.

அடித்தள ஆண்டில் மாணவர் முதலில் தடுமாறும் இடம் கணிதம். நுண்கணிதத்தைக் கண்டுதான் பலரும் அஞ்சுகிறார்கள்; ஆனால் சிக்கல் பெரும்பாலும் அதற்கு முன்பே, விகிதத்திலும் அடுக்குகளிலும் ஒரு சூத்திரத்தை மாற்றி எழுதுவதிலும் தொடங்கிவிடுகிறது. ஒரு கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4இலிருந்து 3ஆகக் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு பத்து மடங்காகிறது. மடக்கை (லாகரிதம்) என்றால் என்னவென்று அறியாதவருக்கு அது வெறும் ஓர் எண் குறைந்ததாகவே படும். கதிரியக்கத்தால் மெல்லச் சிதையும் கார்பன்-14இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 5,730 ஆண்டுகள் என்று சொன்னால், அந்தக் காலம் கழிந்தபின் பாதி எஞ்சும், அதன் இருமடங்குக் காலம் கழிந்தபின் கால்பங்கு எஞ்சும் என்று எவரும் சொல்லிவிடலாம். 2,000 ஆண்டுகளில் எவ்வளவு எஞ்சும் என்று கேட்கும்போதுதான் அடுக்குக்குறிச் சார்பும் மடக்கையும் தேவைப்படுகின்றன. ஆகவே நாள்தோறும் சிறிது நேரமாவது, விடையைப் பார்க்காமல், தாளில் கணக்குப் போடுங்கள். படித்துப் புரிந்துகொள்வது வேறு, கை தானாகப் போடுவது வேறு. பட்டப்படிப்பின் முதல் ஆண்டு வகுப்புகள் இரண்டாவதையே எதிர்பார்த்து நடத்தப்படுகின்றன.

ஆய்வகத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். பள்ளியில் மிகவும் அவசரமாகக் கடந்துவந்த பகுதி அதுதான். தனி ஊசலைக் கொண்டு ஈர்ப்பு முடுக்கத்தை அளக்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசலின் அலைவு நேரம், அதாவது ஒருமுறை போய்த் திரும்பும் நேரம், ஏறக்குறைய 2 நொடி. நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் கை 0.2 நொடி பிசகினாலும், ஓர் அலைவை மட்டும் அளந்தவருக்கு நேரத்தில் 10 விழுக்காடு பிழை ஏற்படும். முடுக்கத்துக்கான சூத்திரம் நீளத்தை அலைவு நேரத்தின் இருபடியால் வகுப்பதால் முடுக்கத்தில் அது ஏறத்தாழ 20 விழுக்காடாகப் பெருகும். இருபது அலைவுகளைச் சேர்த்து அளந்தாலோ, அதே கைப்பிசகு 40 நொடியில் பரவி நேரத்தில் அரை விழுக்காடாகவும் முடுக்கத்தில் ஒரு விழுக்காடாகவும் சுருங்கிவிடும். அதன்பிறகு நீளத்தின்மீது கவனம் செல்லவேண்டும். நூலை மட்டும் அளந்து, ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ள குண்டின் மையம்வரை அளக்காமல் விட்டால், அதுவே இன்னொரு ஒரு விழுக்காட்டுப் பிழையாகிறது. ஊசலைப் பெரிய கோணத்தில் இழுத்துவிட்டால் சூத்திரமே துல்லியமாகப் பொருந்தாது. எந்தப் பிழை பெரியது, எதை முதலில் குறைக்கவேண்டும், விடையில் எத்தனை இலக்கங்களை நம்பி எழுதலாம் என்று இப்படி எண்ணிப் பார்ப்பதே அறிவியல் பயிற்சி. ஈர்ப்பு முடுக்கம் 9.8 என்ற விடையை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொண்டு அதற்கேற்ப அளவீடுகளைத் திருத்தும் பழக்கம் உங்களிடம் இருந்தால், தயவுசெய்து இந்த ஆண்டிலேயே அதை விட்டுவிடுங்கள். குறிப்பேட்டில் அளவீட்டை அளந்தபடியே எழுதுங்கள். தவறாகத் தோன்றினால் அழிக்காமல் ஒரு கோடிட்டுக் காரணத்தைப் பக்கத்தில் குறியுங்கள்.

அலகுகளையும் கணக்கின் ஒவ்வொரு வரியிலும் உடன் கொண்டுசெல்லுங்கள். அலைவு நேரத்தைத் தரும் ஊசலின் சூத்திரத்தில் நீளத்தையும் முடுக்கத்தையும் தலைகீழாக எழுதிவிட்டால் விடை நொடியில் வராது. தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

தாய்மொழியில் படித்துவிட்டு வேறொரு மொழியில் பட்டப்படிப்புக்குச் செல்பவருக்கு ஒரு சொல். கலைச்சொற்களைவிட, ஏன், எதனால், எந்த அளவுக்கு என்று காரணத்தைத் தொடுத்து எழுதும் வாக்கியங்களே கடினமாக இருக்கும். வாரம் ஒரு சோதனை அறிக்கையையாவது முழுமையாக எழுதி, ஆசிரியரிடம் திருத்தம் கேளுங்கள்.

சேர்வதற்கு முன் கேட்டறியவேண்டியவை சில உண்டு. அடித்தள ஆண்டில் தேர்ச்சி பெற்றால் பட்டப்படிப்பில் இடம் உறுதியா, அல்லது குறிப்பிட்ட மதிப்பெண் வேண்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தத் தேர்ச்சியை வேறு பல்கலைக்கழகம் ஏற்காமலும் போகலாம். இயற்பியலுக்குச் செல்ல விரும்புகிறவருக்கு அங்கே கற்பிக்கப்படும் கணிதம் போதுமா, உயிரியலுக்குச் செல்கிறவருக்கு வேதியியல் இருக்கிறதா என்பதைப் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தே முடிவுசெய்யவேண்டும். ஆய்வகத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்கத் தயங்காதீர்கள். தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் பணத்தைக் கட்ட அவசரப்படாதீர்கள்.