டோனட் சுடப் பட்டதாரி எதற்கு?

எல்லாருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் வெளிநாட்டுப் போர்முனைகளில் இருந்த படைவீரர்களை உற்சாகப்படுத்தும் பொழுதுபோக்குப் பணிக்குப் பெண்களைத் தேடியது. 25 வயதாவது ஆகியிருக்கணும், கல்லூரிப் படிப்பு வேணும், நல்ல உடம்பு, முன்பின் தெரியாதவரோடும் கலகலவென்று பேசும் சுபாவம், போதாததற்கு நேர்முகத் தேர்வு வேறு. இத்தனையும் எதற்கு? டோனட் சுட்டுக் காபி ஊற்றிக் கொடுக்க!

சிரிப்பு வருகிறது, சரி. கொஞ்சம் பொறுங்கள்.

தேர்வானவர்களுக்கு வாஷிங்டனில் அமெரிக்கன் யுனிவர்சிட்டி வளாகத்தில் சில வாரம் பயிற்சி. சங்கத்தின் வரலாறு, விதிமுறைகள், ராணுவத்தில் யார் பெரியவர், யாரிடம் எப்படி நடந்துகொள்வது, இப்படிப் பெரும்பாலும் வகுப்பறைச் சமாச்சாரம்தான். அப்புறம் துருப்புக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

உண்மையான பயிற்சி அங்கேதான் ஆரம்பம். சங்கத்தின் பிரிட்டன் பொறுப்பாளர் ஹார்வி கிப்சன், நியூயார்க் வங்கிக்காரர், 1942 கடைசியில் ஒரு யோசனையைச் செயலுக்குக் கொண்டுவந்தார். லண்டன் கிரீன் லைன் பேருந்துகளை மாற்றி உள்ளே சமையலறை, டோனட் இயந்திரம், இசைத்தட்டு, ஒலிபெருக்கி எல்லாம் வைத்து முகாம் முகாமாக அனுப்புவது. பெயர் கிளப்மொபைல். வண்டிக்கு மூன்று அமெரிக்கப் பெண்கள், ஓட்ட ஒரு பிரிட்டிஷ் டிரைவர். 1944இல் நேச நாட்டுப் படை பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கியதும் பேருந்து போய் இரண்டரை டன் ஜிஎம்சி லாரி வந்தது; டிரைவரும் கிடையாது, பெண்களே ஓட்டணும். அந்த ராட்சத வண்டியை ஓட்டவும் பராமரிக்கவும் இங்கிலாந்திலேயே கற்றுக்கொண்டு, அந்தக் கோடையில் கடல் தாண்டிப் படைகளின் பின்னாலேயே போனார்கள்.

ஆனால் லாரி ஓட்டுவதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. குண்டுவீசப் போன விமானங்கள் திரும்பும்போது விமானத்தளத்தில் காபியோடு நிற்கிறீர்கள், காலையில் உங்களிடம் பேசிவிட்டுப் போன பையன் வரவில்லை, வந்தவனிடம் சிரித்த முகத்தோடு, "எந்த ஊர் தம்பி?" என்று கேட்கணும். இதற்கு எந்த வகுப்பில் பாடம் இருக்கிறது? 25 வயது, படிப்பு, பேச்சு சாமர்த்தியம் என்று சங்கம் ஏன் அவ்வளவு கறாராக இருந்தது என்று இப்போது புரிகிறதா? சொல்லித்தர முடியாத குணம் ஏற்கெனவே உள்ளவர்களாகப் பார்த்து எடுத்தார்கள், அவ்வளவுதான். அந்த வகையில் கெட்டிக்காரர்கள்.

ஆபத்தே இல்லாத வேலை என்றும் நினைக்க வேண்டாம். மில்வாக்கியில் விளம்பரத் துறையில் இருந்த எலிசபெத் ரிச்சர்ட்சன் கிளப்மொபைலில் சேர்ந்தவர். ஐரோப்பாவில் போர் முடிந்த பிறகு, 1945 ஜூலையில், பிரான்சில் சிறு விமான விபத்தில் இறந்தார். நார்மண்டியில் அமெரிக்கப் போர்வீரர் கல்லறையில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

இதே வேலைக்கு 1965 முதல் 1972 வரை வியட்நாமுக்கு 600க்கு மேற்பட்ட பெண்கள் போனார்கள். இந்த முறை வயது இருபதுகளின் தொடக்கம், ஓராண்டுப் பணி. வெளிர்நீலச் சீருடையோடு ஹெலிகாப்டரில் ஏறிக் காட்டுக்குள் இருந்த பீரங்கித் தளங்களுக்குப் போய், கையால் செய்த வினாடி வினா விளையாட்டு நடத்தினார்கள். மூன்று பேர் அங்கேயே இறந்தார்கள். ஊர் திரும்பியவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடையாது, அதற்கான சலுகைகளும் கிடையாது, ஏனென்றால் அவர்கள் செஞ்சிலுவை ஊழியர்கள், ராணுவம் அல்ல. சட்டப்படி சரிதான். எனக்கு ஒப்பவில்லை.