ஏழாவது எண்

நடுவர் அவர்களுக்கும், பொங்கல் வேலையை முடித்துவிட்டு மைதானத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

விலாசத்தைக் கேட்டு ஆளை எடைபோடும் புத்தி அதிகம் இருப்பது நகரத்திலா, கிராமத்திலா? இதுதான் தலைப்பு. 'கிராமத்திலே' என்று பேச என்னை அனுப்பியிருக்கிறார்கள். காவிரிக் கரையில் நின்றுகொண்டு காவிரிக்கரைக்காரர்களைக் குறை சொல்லப் போகிறேன். பேசி முடித்த பிறகு என்னைப் பத்திரமாக பஸ் ஏற்றிவிட வேண்டியது விழாக் குழுவின் பொறுப்பு.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா சென்னையைப் பிரித்து மேய்ந்துவிட்டார். 600004 என்றால் மயிலாப்பூர், அதற்கொரு மரியாதை. 600020 என்றால் அடையாறு, அதற்கு இன்னும் கொஞ்சம். வடசென்னை எண்ணைச் சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுருங்கிவிடும் என்றார். உண்மைதான். நானும் அங்கே நான்கு வருடம் குப்பை கொட்டியவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் "எங்க தங்கியிருக்கீங்க?" என்று கேட்டார்கள். "வியாசர்பாடி" என்றேன். "ஓ..." என்றார்கள். அந்த 'ஓ'வை இழுத்த இழுப்பில் ஒரு ஆலாபனையே அடங்கும். ஆறு மாதம் கழித்துத் திருவான்மியூருக்கு வீடு மாறினேன். அதே ஆட்கள், "பீச் பக்கமா? நல்லா காத்து வருமே!" என்றார்கள். வாடகை மூவாயிரம் கூடியது, 'ஓ' போன இடம் தெரியவில்லை.

நகரத்து விலாசம் சட்டை மாதிரி, நடுவர் அவர்களே. பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொள்ளலாம். அதற்குக் காசு வேண்டும், காசில்லாதவன் அழுக்குச் சட்டையோடே நிற்க வேண்டும் என்று அக்கா சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் நம் ஊர் விலாசம் சட்டை இல்லை, தோல்.

அக்கா பின்கோடை வைத்தே பேசியதால் நானும் அதை வைத்தே பதில் சொல்கிறேன். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. அதற்கு முன்னால் ஒரே பெயரில் பல ஊர், ஆளுக்கொரு மொழியில் விலாசம், ஆளுக்கொரு கோழிக்கிறுக்கல். தபால் பிரிக்கிறவர்கள் பட்ட பாட்டுக்கு மருந்தாகத்தான் ஆறு எண் கொடுத்தார்கள். முதலில் 6 இருந்தால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். முதல் மூன்று எண்ணைப் பார்த்தால் எந்த வட்டாரத்தில் பிரிக்க வேண்டும் என்று தெரியும். கடைசி மூன்று, பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். மாயவரம் 609001, காரைக்கால் 609602. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, அங்கே அரசாங்கமே வேறு. பின்கோடு அதைக்கூடப் பார்க்காமல் இரண்டையும் ஒரே 609-க்குள் உட்கார வைத்திருக்கிறது. அப்படி ஒரு நல்ல மனசு அதற்கு.

நம் பக்கத்தில் ஒரே பின்கோடுக்குள் எத்தனையோ கிராமம். அக்ரஹாரத்துக்கும் அதே எண், மேலத்தெருவுக்கும் அதே எண், காலனிக்கும் அதே எண். சென்னைக்காரன் ஆறு எண்ணை வைத்தே ஆளைப் பிரித்துவிடுவான். நமக்கு அது போதவில்லை. அதனால் ஏழாவது எண் ஒன்றை வைத்திருக்கிறோம். அது எந்த உறையிலும் இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

எப்படிக் கேட்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பூம்புகார் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு அம்மா உட்காருவார்.

"எந்த ஊரும்மா?"

ஊரைச் சொல்வோம்.

"ஓ, அங்கயா! எங்க சின்ன மாமியார் வூடு அங்கதான். ஊர்ல எந்தப் பக்கம்?"

"பஸ் ஸ்டாப்புகிட்ட" என்று மழுப்புவோம். விடமாட்டார்.

"கோயிலுக்கு மேக்கையா, கெழக்கையா?"

"கெழக்க."

"வாய்க்காலுக்கு இந்தாண்டையா, அந்தாண்டையா?"

"அந்தாண்ட."

அவ்வளவுதான். அதற்கு மேல் கேள்வி கிடையாது. கையில் பிரித்து வைத்திருந்த கடலை மிட்டாய்ப் பொட்டலம் மெதுவாக மடங்கும். நாலே கேள்வி. சாதி என்ற சொல் ஒரு தடவையாவது வந்ததா? வராது. அவ்வளவு நாகரிகமானவர்கள் நாம்.

நகரத்தில் அப்படி இல்லையா, வீட்டுக்காரர் "நீங்க வெஜ்தானே?" என்று கேட்கவில்லையா என்று அக்கா சத்தம் போட்டார். கேட்கிறார்தான். அந்த வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் எது என்று விசாரித்தீர்களா, அக்கா? ஏழாவது எண்ணை இங்கிருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு போனவராக இருக்கும்.

அப்புறம் இந்த மாவட்டக் கதை. எங்கள் அப்பா பிறந்தபோது எங்கள் ஊர் தஞ்சாவூர் ஜில்லா. 1991-ல் நாகப்பட்டினம் மாவட்டம் ஆனது. 2020-ல் மயிலாடுதுறை மாவட்டம். ஒரே வீடு, ஒரே திண்ணை, ஒரே முருங்கை மரம். அப்பா இருந்த இடத்திலிருந்து அசையாமல் மூன்று மாவட்டத்தில் குடியிருந்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் ரேஷன் கார்டு மாறியது, லெட்டர்பேடு மாறியது, கடைப் பலகை மாறியது. ஊரார் வாயில் மட்டும் நாங்கள் 'தெக்குத்தெருக்காரங்க'தான்.

அந்தத் தெற்குத்தெருவுக்குத் தபால் வந்த கதையையும் சொல்கிறேன். எங்கள் தபால்காரர் மதகைத் தாண்டி இந்தப் பக்கம் கால் வைக்க மாட்டார். எங்கள் தெருக் கடிதங்களை எல்லாம் மெயின் ரோட்டு டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். டீக்கடைக்காரர் அதைச் சர்க்கரை டின்னுக்கு அடியில் செருகி வைப்பார். யாராவது டீ குடிக்கப் போனால் வரும், இல்லாவிட்டால் அங்கேயே கிடக்கும். என் முதல் இன்டர்வியூ கடிதம் அங்கே நாலு நாள் கிடந்தது. என் பெயருக்கு மேலே டீ கிளாஸ் அடி வட்டமாகப் பதிந்திருந்தது. கைக்கு வந்தது இன்டர்வியூவுக்கு முதல் நாள் சாயங்காலம். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெயர் சரி, தெரு சரி, போஸ்ட் சரி, மாயவரம் வழி சரி, ஆறு எண்ணும் சரி.

அக்கா இலக்கியத்துக்கும் போனார். பூம்புகாரே மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று இரண்டாகப் பிரிந்துதானே கிடந்தது, சிலப்பதிகாரம் சொல்கிறதே என்றார். சொல்கிறது. மருவூர்ப்பாக்கத்தில் மீனவர், உப்பு விற்பவர், கைவினைஞர், கடல் கடந்து வந்தவர். பட்டினப்பாக்கத்தில் அரச வீதி, பெருவணிகர் மாளிகை. சரி. இரண்டுக்கும் நடுவில் என்ன இருந்தது? மரத்தோப்புக்குள்ளே நாளங்காடி. விற்கிறவர் சத்தமும் வாங்குகிறவர் சத்தமும் ஓயாத சந்தை. நம் கிராமத்தில் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருப்பது வாய்க்கால். அதிலும் மேலே ஒரு படித்துறை, கீழே ஒரு படித்துறை. மேலே குளித்த தண்ணீர்தான் கீழே வரும். மேல் படித்துறை யாருக்கு, கீழ்ப் படித்துறை யாருக்கு என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

தலைமடை, கடைமடை என்று பார்த்துப் பெண் கொடுப்பதையும் அக்கா தொட்டார். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. ஜூன் 12 மேட்டூர் திறந்தாலும் வேதாரண்யம் பக்கம் தண்ணீர் எட்டிப்பார்க்க எத்தனை நாள் ஆகும் என்று பெண்ணைப் பெற்றவர் கணக்குப் போடுவது வயிற்றுக் கவலை.

ஆனால் 'காலனி' என்ற சொல்லைப் பாருங்கள். நகரத்தில் பேங்க் காலனி, ஆபீசர்ஸ் காலனி என்றால் வாடகை கூடும். நம்மூரில் காலனி என்றால் டீக்கடையில் டம்ளர் மாறும். 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அந்தச் சொல்லையே நீக்கப் போவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். இப்போது எங்கள் பக்கத்தில், "அதான்யா, முன்ன காலனின்னு சொல்லுவோமே, அங்க" என்று வழி சொல்கிறார்கள். முன்னைவிட நாலு வார்த்தை கூடுதல்.

காசு இருந்தால் எல்லாம் மாறும் என்பவர்களுக்கு ஒன்று. என்னோடு படித்தவன் ஒருவன், சிங்கப்பூரில் பன்னிரண்டு வருடம் உழைத்துவிட்டுத் திரும்பினான். மேலத்தெருவில் பத்துக் குழி மனை சும்மா கிடந்தது. கேட்ட விலைக்கு மேலேயே தருவதாகச் சொன்னான். "விக்கிற எண்ணம் இல்ல தம்பி" என்றார் மனைக்காரர். இரண்டே மாதத்தில் இவன் சொன்னதைவிடக் குறைந்த விலைக்கு வேறு ஒருவருக்குப் பத்திரம் ஆனது. இவன் மாயவரத்தில் புதிதாகப் போட்ட ஒரு நகரில் மனை வாங்கினான். அங்கே கேட்டது இரண்டே கேள்வி: அட்வான்ஸ் எவ்வளவு, பத்திரம் என்னைக்கு? நகரம், நடுவர் அவர்களே, காசைத்தான் கேட்டது.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம்.

நான் மேடையேற வரும்போது கீழே ஒரு பெரியவர் வாஞ்சையாகக் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பேசணும் தாயி. எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "அட, நம்ம ஊருக்குப் பக்கம்தான்! ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். அதற்குள் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஐயா, மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறீர்கள், பார்த்துவிட்டேன். இறங்கி வந்து சொல்கிறேன்.