அடி கறுத்த எயார் பிளான்ட்டுக்குத் தண்ணீர் போதவில்லையா?

திருகோணமலை உப்புவெளியில் இருந்து, மண் இல்லாமல் வளரும் எயார் பிளான்ட் பற்றி ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "கோர்க் பட்டையில் கட்டின எயார் பிளான்ட்டின் அடி கறுத்து, நடு இலைகள் தொட்டதும் கழன்று வருகின்றன. ஒவ்வொரு இரவும் தண்ணீர் தெளிக்கிறேன். இன்னும் கூட்ட வேண்டுமா?"

கூட்ட வேண்டாம் தங்கச்சி. முதலில் அந்த இரவுத் தண்ணீரை நிறுத்துங்கோ. தண்ணீர் குறைந்தால் இலை நுனி காயும், இலை உள்பக்கமாகச் சுருளும். நடு இலை கழன்றால் அது அழுகல்தான்.

டிலான்ட்சியா என்ற இந்த இனம் பகல் சூட்டில் இலைத் துளைகளை மூடிவைத்து, இரவில்தான் திறந்து காபனீரொட்சைட்டை எடுக்கும். அந்த நேரம் இலை நனைந்திருந்தால் மூச்சு முட்டும். காலையில் நனையுங்கோ, 4 மணித்தியாலத்துக்குள் காய்ந்துவிட வேண்டும்.

பட்டையில் பிழை இல்லை. கோர்க் இலேசில் உக்காது, தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கவும் மாட்டாது. கட்டின விதத்தைப் பாருங்கோ. செடி நேரே மேலே பார்த்து நின்றால் நடுவில் தண்ணீர் தேங்கும். பக்கவாட்டில், கொஞ்சம் கீழே சரித்துக் கட்டுங்கோ. அடியில் பாசி வைக்காதீர்கள். கட்டுவதற்குத் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) நல்லது. செப்புக் கம்பி மட்டும் வேண்டவே வேண்டாம், செம்பு இந்தக் குடும்பச் செடிகளுக்கு நஞ்சு. வேர் பிடிப்புக்கு மட்டும்தான், குடிப்பது இலை. வேர் பட்டையைப் பற்றியதும் தங்கூசியை வெட்டிவிடலாம்.

சரி, திருகோணமலைக்கு வருவோம். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெளிப்பது போதாது. கிழமைக்கு ஒன்றிரண்டு தரம் பட்டையோடு வாளியில் 20 நிமிடம் ஊறவிட்டு, தலைகீழாகப் பிடித்து உதறுங்கோ. மாரியில் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கோ. ஈரக்காற்றே அநேகமாகப் போதும். கடலோரக் கிணறுகள் பல உவர். அந்த உப்பு இலையில் படிந்து, நீர் குடிக்கும் நுண்செதில்களை அடைத்துவிடும். மழைத்தண்ணீர் சேர்த்து வையுங்கோ. கரையொதுங்கிய மரக்கட்டையில் கட்ட ஆசைப்படுகிறவர்களும், அதை நல்ல தண்ணீரில் பல நாள், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகே கட்டுங்கோ.

இப்போது உங்கள் செடியைக் கழற்றி, கறுத்த இலைகளை உரித்துவிடுங்கோ. நடுத்தண்டு இறுக்கமாக இருந்தால் நிழலில் காற்றுப்பட வைத்துக் காயவிடுங்கோ. நடு போயிருந்தாலும் உடனே எறியாதீர்கள். அடி கெட்டியாக இருந்தால் பக்கத்தில் குட்டி வெடிக்க இடமுண்டு.