இருபது காசுப் பெட்டி

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது நாங்கள் டவுனுக்கு மாறினோம். இப்போது சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். ஆனால் இன்று பேசப்போவது தையலைப் பற்றி அல்ல, ஒரு கேம் பெட்டியைப் பற்றி.

உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். கோப்பிக் கடை ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி நிற்கும். உள்ளே டிவி, முன்னால் ஒரு குச்சி, பொத்தான்கள். எங்கள் டவுன் கடையில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 இருந்தது. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட விளையாட்டு. அப்பாவின் சம்பள நாளில் அண்ணனும் நானும் அங்கே ஓடுவோம். அண்ணன் ஆடுவார், நான் பக்கத்தில் நின்று இருபது காசுகளைக் கையில் இறுக்கிப் பிடித்திருப்பேன். எங்கள் தோட்டத்துப் பையன்கள் எல்லாரும் தால்சிமைத்தான் எடுப்பார்கள். அந்த விளையாட்டில் இந்தியாவிலிருந்து வந்தவர் அவர் ஒருவர்தானே. கை நீண்டுகொண்டே போகும்!

அந்தக் கடையை மூடியபோது தவுக்கேயின், அதாவது கடை முதலாளியின் மகன் பெட்டியைக் குப்பைக்கு அனுப்பப் பார்த்தார். நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பின்கதவைத் திறந்தால், உள்ளே எலி ஒயர்களைக் கடித்து வைத்திருந்தது. அடிப்பலகை ஈரத்தில் ஊறி உப்பியிருந்தது. எனக்கு மின்சார வேலை ஒன்றும் தெரியாது. தையல் தெரியும், அவ்வளவுதான்.

தையலில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய துணியைப் பிரிப்பதற்கு முன், தையல் எங்கே தொடங்கி எந்த வரிசையில் ஓடியிருக்கிறது என்று பார்ப்போம். பார்த்த பிறகுதான் கத்தரியை எடுப்போம். இந்தப் பெட்டியையும் அப்படித்தான் பார்த்தேன். முதல் 2 வாரம் ஒரு ஒயரையும் வெட்டவில்லை. ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டே போய், எங்கிருந்து எங்கே போகிறது என்று துண்டுத் துணியில் எழுதிக் கட்டினேன். புதிதாகத் தொடங்குகிற யாருக்கும் நான் சொல்வது இதுதான்: முதலில் எழுதிக் கட்டுங்கள், வெட்டுவது அப்புறம்.

ஒரு முக்கியமான விஷயம். அந்தப் பெட்டிக்குள் இரண்டு பக்கம் இருக்கிறது. பொத்தான் பக்கத்தில் ஓடுவது வெறும் 5 வோல்ட், அதில் தாராளமாகக் கைவைத்துக் கற்றுக்கொள்ளலாம். பின்பக்கம் வீட்டு மின்சாரம், 230 முதல் 240 வோல்ட். அதைவிடப் பொல்லாதது படக்குழாய், அதாவது பழைய டிவியின் கண்ணாடித் திரைக்குழாய். அதில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளேயே தங்கியிருக்கும். தயவுசெய்து படக்குழாய் பக்கம் போகாதீர்கள். அதற்குப் பழைய டிவி பழுதுபார்த்த ஆளைக் கூப்பிடுங்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

சரி, பொத்தானுக்கு வருவோம். ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் ஒரு சின்ன சுவிட்ச், அதில் இரண்டு ஒயர். ஒன்று விளையாட்டுப் பலகைக்கு, அதாவது விளையாட்டை ஓட்டுகிற சர்க்யூட் போர்டுக்கு, தனியாகப் போகிறது. இன்னொன்று கிரவுண்ட் ஒயர், அது எல்லாப் பொத்தானுக்கும் பொது. பொத்தானை அழுத்தினால் இரண்டும் தொட்டுக்கொள்ளும். பலகை அதைப் பார்த்து, “ஓ, அடித்துவிட்டான்” என்று தெரிந்துகொள்ளும்.

எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? குச்சியை மேலே தள்ளினால் வேலை செய்தது, கீழே தள்ளினால் வேலை செய்தது. அதற்குப் பிறகு இருந்த இடது, வலது, குத்து, உதை எதுவும் இல்லை. சுவிட்ச் எல்லாம் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கி ஒவ்வொன்றாக மாற்றினேன். அப்படியும் வேலை செய்யவில்லை. படக்குழாய் பார்க்க வந்த டிவி அண்ணனிடம் காட்டினேன். அவரும் தோட்டத்துக்காரர்தான். தோட்டத்து வரிசை வீடுகளை நாங்கள் லயம் என்போம். அவர் ஸ்குரூடிரைவரைக்கூட எடுக்கவில்லை. “ஏம்மா, நம்ம லயத்துல ரெண்டாவது வீடு வரைக்கும் தண்ணி வருது, மூணாவது வீட்ல இருந்து வரலைன்னா, எல்லா வீட்டு பைப்பையும் மாத்துவியா?” என்று கேட்டார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கிரவுண்ட் ஒயர் ஒரு பொத்தானிலிருந்து அடுத்த பொத்தானுக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று சங்கிலி மாதிரி தாவிப் போகிறது. லயத்து வீடுகளுக்கு ஒரே குழாய் ஓடுகிற மாதிரி. இரண்டாவது சுவிட்சுக்கும் மூன்றாவது சுவிட்சுக்கும் நடுவில் ஒரு கிளிப் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. ஒரே ஒரு கிளிப்! அதை மாற்றியதும் குத்து, உதை எல்லாம் உயிர் பெற்றன. அன்றிலிருந்து எது வேலை செய்யவில்லை என்றாலும் நான் முதலில் கேட்பது, “எதுவரை வேலை செய்கிறது?” என்றுதான்.

இந்தப் பெட்டிகளின் ஒயர் அமைப்புக்கு ஜம்மா என்று பெயர். 1980களின் நடுவில் ஜப்பானில் வந்த பொது முறை. 56 இணைப்புகள் கொண்ட ஒரு நீளமான சாக்கெட். ஒரு விளையாட்டுப் பலகையைக் கழற்றி வேறொன்றைச் செருகலாம். ஆனால் தலைகீழாகச் செருகிவிட்டால் மின்சாரம் தப்பான இடத்துக்குப் போய்ப் பலகையே வீணாகிவிடும். அதைத் தடுக்க நடுவில் இல்லாமல் ஒரு முனைப் பக்கமாகத் தள்ளி ஒரு சின்ன பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும், அது இருக்கிறதா என்று பாருங்கள்.

அதே சாக்கெட்டில் 5 வோல்ட்டுக்கு மட்டும் 4 இணைப்புகள் உண்டு. என் பெட்டியில் யாரோ ஒன்றில் மட்டும் ஒயரை மாட்டியிருந்தார்கள். மின்சாரம் கொடுக்கும் சப்ளை பெட்டியில் வோல்ட் மீட்டரை வைத்தால் சரியாக 5 காட்டும், பலகையில் வைத்தால் 4.7. அதனால் சண்டை நடுவில் விளையாட்டு தானாகவே முதலிலிருந்து தொடங்கிவிடும். 4 இணைப்பிலும் நல்ல தடித்த ஒயரை மாட்டினேன், சரியாகிவிட்டது. எப்போதும் பலகையில் வைத்து அளந்து பாருங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கதை. எல்லாம் முடிந்து அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பையிலிருந்து இருபது காசை எடுத்துப் போட்டார். கீழே விழுந்து வெளியே வந்துவிட்டது. மறுபடி போட்டார், மறுபடி வந்தது. நான் ஒயரைத் தேட ஆரம்பித்துவிட்டேன். ஒயரில் ஒரு குறையும் இல்லை. நம் நாட்டில் 2012இல் இருபது காசை மாற்றினார்களே, மஞ்சள் நிறத்தில்? அது 20.6 மில்லிமீட்டர்தான். பழைய வெள்ளை நிற இருபது காசு 23.59 மில்லிமீட்டர். காசு பார்க்கும் கருவி பழைய அளவுக்கு அமைத்தது. சின்னக் காசு வந்தால் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறது. அண்ணி, தன் வீட்டுக்குப் போய் உண்டியலைக் கவிழ்த்துத் தேடி, 1989இல் வந்த வரிசையில் ஒன்று கொண்டுவந்தார். ஒரு பக்கம் செம்பருத்திப் பூ, மறுபக்கம் வெற்றிலைப் பெட்டி. அதைப் போட்டதும் உள்ளே டக் என்று சத்தம், திரையில் ஒரு ஆட்டத்துக்கான கிரெடிட் ஏறியது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. குச்சியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. மரவேலையைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். உப்பிய அடிப்பலகையை அறுத்து எடுத்துவிட்டு பிளைவுட் போடுங்கள், பெயிண்டுக்கு முன் கரையான் மருந்து அடியுங்கள். இன்னொன்று, இதை விட முடியாது: காசு போடும் கதவு இரும்பு, அதிலிருந்து மூன்று பின் பிளக்கின் எர்த் வரைக்கும் பச்சை மஞ்சள் ஒயர் கட்டாயம் போக வேண்டும். எனக்கு வந்த பெட்டியில் அது இல்லவே இல்லை. படக்குழாயைத் தொடாதீர்கள், மறுபடியும் சொல்கிறேன். பழைய வெள்ளை இருபது காசு இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எங்கள் கடைக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள், பெட்டி தையல் மெஷினுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. வணக்கம்.