ரத்தத்தில் ஓடுகிற நோயா மனச்சிதைவு?

(நெசவு ஊரான சென்னிமலையில் ஒரு மனநல மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிற நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

நம் பக்கத்தில் கல்யாணப் பேச்சு எடுத்தால் ஜாதகம், குலக் கூட்டம், தோட்டம் துரவு எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, தணிந்த குரலில் ஒரு கேள்வி வரும். “அந்த வகையறாவுல யாருக்காச்சும் மனசு சரியில்லாம இருந்துதுங்களா?” சித்தப்பாவுக்கு இருந்தது என்று தெரிந்தால் போதும், பேச்சு அதோடு நின்றுவிடும். அதற்குப் பயந்து, முகூர்த்தம் நெருங்கும்போது மாப்பிள்ளையின் மாத்திரையை நிறுத்திவிட்டு, கல்யாணம் முடிந்த கையோடு நோய் முற்றிய நிலையில் அவரைக் கூட்டிக்கொண்டு வருகிற குடும்பங்கள் உண்டு. எனக்கு இதில் வருத்தம் மட்டுமில்லை, கோபமும் இருக்கிறது.

ரத்தத்தில் ஓடுகிறது என்பது பாதி உண்மை. மனச்சிதைவு என்பது ஸ்கிசோஃப்ரினியா: இல்லாத குரல் காதில் கேட்பது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது போன்ற அறிகுறிகளுள்ள மனநோய். பெற்றோரில் ஒருவருக்கு அது இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 10 சதவீதம். பொதுவாக மக்களிடம் அது 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு வராது என்பதும் அதே கணக்குத்தானே! இன்னொன்று பாருங்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒன்று. அவர்களில் ஒருவருக்கு இந்த நோய் வந்தாலும், மற்றவருக்கும் வருவது பாதிப் பேரிடம் அல்லது அதற்கும் குறைவானவர்களிடம்தான். அப்படியானால் மிச்சத்தை எது தீர்மானிக்கிறது? அதைத் தேடிப் போனவர்கள் கையில் சிக்கிய நூல்முனைகளில் ஒன்று டி.என்.ஏ. மெத்திலேற்றம்; அதாவது, மரபணுக்கள் எழுதப்பட்டிருக்கும் டி.என்.ஏ.வின் மேல் மீதைல் என்ற சின்ன வேதித் துண்டு ஒட்டுவது.

துளையிட்ட அட்டை வைத்துப் பூ நெய்கிற ஜக்கார்டு தறியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி தூக்கும், பாவு நூல் எழும். அந்தத் துளையின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிட்டால் அங்கே நூல் எழாது, பூ விழாது. அட்டை என்னவோ அதே அட்டைதான். மீதைலும் அப்படி ஒரு துண்டு: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் சைட்டோசின் மேல் அது ஒட்டும், பெரும்பாலும் அடுத்த எழுத்து குவானினாக இருக்கும் இடங்களில். மரபணுவின் தொடக்கப் பகுதியில் நெருக்கமாக ஒட்டினால் அந்த மரபணு பெரும்பாலும் அடங்கிவிடும். இது நோய் அல்ல. மூளை செல்லும் தோல் செல்லும் ஒரே டி.என்.ஏ.வை வைத்துக்கொண்டு வேறு வேறு வேலை பார்ப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

சரி, இது வாழ்க்கைச் சூழலால் மாறுமா? ஹாலந்தில் 1944 - 45 குளிர்காலத்தில், ஜெர்மானியப் படை உணவு வரத்தை முடக்கியதால் கொடும் பஞ்சம். அந்தப் பஞ்சத்தின் உச்சத்தில் கருவானவர்களிடம் மனச்சிதைவு ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்பட்டது. பஞ்சத்தில் கருவானவர்களை அறுபது ஆண்டு கழித்துச் சோதித்தபோது, வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐ.ஜி.எஃப்.2 மரபணுவில் மீதைல் அளவு அவர்களுடைய உடன்பிறப்புகளைவிடக் குறைவாக இருந்தது. 2008ல் வெளியான ஆய்வு அது. வயிற்றிலிருக்கும்போது பட்ட பசியின் தடம் அறுபது வயதிலும் உடம்பில் நிற்கிறது! ஆனால் அந்தத் தடம்தான் நோயைக் கொண்டுவந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. தாது வருஷப் பஞ்சத்தைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியும்.

மூளையிலும் தேடினார்கள். நரம்பு செல்கள் இடம் பார்த்து அமைய உதவும் ரீலின் என்ற புரதம், இறந்துபோன மனச்சிதைவு நோயாளிகளின் மூளையில் பாதியளவுக்குக் குறைந்திருப்பதாக 1998ல் சொன்னார்கள். அதன் மரபணுவில் மீதைல் கூடியிருப்பதாக 2005ல் அறிக்கைகள் வந்தன. அப்புறம் வேறு குழுக்கள் தேடியபோது அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. முன்மூளையை வைத்து 2016ல் வந்த பெரிய ஆய்வில் மீதைல் அளவில் வேறுபாடுகள் தெரிந்தன. அவை பெரும்பாலும், பிறப்பையொட்டி மீதைல் அளவு எல்லாருக்கும் இயல்பாகவே மாறுகிற இடங்களில் இருந்தன. ஒவ்வொன்றும் சின்னச் சின்ன வேறுபாடு. இருபது வயதில் வெளிப்படும் நோய்க்கு வேர் கருவறைக் காலம்வரை போகலாம் என்ற எண்ணத்துக்கு இது வலு சேர்க்கிறது.

சிக்கலும் இருக்கிறது. இந்த நோயுள்ளவர்களில் பலர் பீடி, சிகரெட் அதிகம் பிடிப்பார்கள். புகையே ரத்தத்தில் மீதைலை மாற்றும், மாத்திரையும் மாற்றக்கூடும். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கஷ்டம். அதனால், ரத்தத்தில் மீதைலைப் பார்த்து உங்கள் பிள்ளைக்கு மனச்சிதைவு வருமா என்று சொல்கிறோம் என்று யாராவது வந்தால் காசு கொடுக்காதீர்கள். அப்படி ஒரு பரிசோதனை இன்றைக்குக் கிடையாது.

“மாசமா இருந்தப்ப நான் சரியாச் சாப்பிடலைங்க, அதனாலதானுங்களா?” என்று கேட்கிற அம்மாக்களுக்கு ஒன்று சொல்கிறேன். இல்லைங்க அம்மா. அவ்வளவு பெரிய பஞ்சத்தில் கருவானவர்களில்கூட மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வரவில்லை. நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள், பிரசவச் சிக்கல், கஞ்சா என்று பல காரணங்கள் சேர்கிற இடத்தில் உங்களை மட்டும் குற்றவாளியாக்க அறிவியலில் இடமே இல்லை.

காதில் குரல் கேட்கிறது என்கிற பையனை, யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று சாப்பிட மறுக்கிற பெண்ணை, கோவிலுக்குக் கூட்டிப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே வாரத்தில் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் கூட்டிப் போங்கள். சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வது கடினமாகிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். கல்யாணம் பேசுகிறவர்கள் மாத்திரையை மறைக்காமல், மருத்துவரிடம் இரண்டு வீட்டாரும் சேர்ந்தே வாருங்கள். கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறோம்.