தும்பை விடாதீர்கள்: குப்பைமேடும் கிணற்று நீரும்

(தோட்டக் கோயில் மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, நகராண்மைக் கழக உறுப்பினர் அவர்களே, மண்டபத்தையும் ஒலிபெருக்கியையும் கட்டணமின்றித் தந்த கோயில் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, லயத்து வீடுகளிலிருந்து பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். வேறு நிகழ்ச்சி இருந்தும் நமக்காக அமர்ந்திருக்கும் டத்தோ அவர்களுக்குத் தனி நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். நஞ்சு எப்படி இறங்குகிறது, கிணற்று நீரை எப்படிச் சோதிப்பது, மூடிய குப்பைமேட்டை என்ன செய்வது.

தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்பார்கள். நிலத்தடி நீருக்கென்றே சொல்லி வைத்த பழமொழி போலிருக்கிறது.

மழைநீர் குப்பைக்குள் இறங்கும்போது பேட்டரி, பெயிண்ட், எண்ணெய் மிச்சங்களைக் கழுவிக்கொண்டு கறுத்த சாறாகிறது. சிலாங்கூரின் புக்கிட் தாகார் குப்பைநிலம் மாதிரி முறையாக அமைத்த இடத்தில் அடியில் நீர் கசியாத விரிப்பு உண்டு. சாற்றைக் குழாயில் இழுத்துச் சுத்திகரிக்கிறார்கள். நம் மலேசியாவின் 2009ஆம் ஆண்டுக் குப்பைநில விதிமுறைப்படி, வெளியே விடும் நீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பழைய மேடுகளில் விரிப்பே கிடையாது. சாறு நேரே மண்ணுக்குள் போகிறது. முதலில் கிணற்றை எட்டுவது குளோரைடும் அம்மோனியாவும்தான். ஈயமும் காட்மியமும் களிமண்ணில் ஒட்டி ஒட்டிப் பின்னால் வரும். சாறு மண்ணிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால், மண்ணிலேயே கிடந்த இரும்பும் மாங்கனீசும், சில இடங்களில் ஆர்செனிக்கும் கரைந்து கிளம்பும். இறைக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர் வாளியில் நின்றதும் சிவக்கிறதா? இயற்கை இரும்பாகவும் இருக்கலாம், சோதித்தால்தான் தெரியும்.

காய்ச்சிக் குடித்தால் போதாதா என்கிறார்கள். கிருமி சாகும், ஈயம் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஈயத்துக்கு எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நாக்குக்கு அது தெரியாது.

அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் லவ் கெனால் என்று ஓர் இடம். பெயரில் மட்டும்தான் காதல்! 1942 முதல் 1953 வரை ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் ஏறக்குறைய 21,000 டன் ரசாயனக் கழிவைப் பழைய கால்வாயில் புதைத்தது. நகரக் குப்பையும் அங்கேதான். பிறகு மேலே மண்ணை மூடிப் பள்ளிக்கூட வாரியத்துக்கு விற்றார்கள். விலை? ஒரு டாலர்! பின்னால் யாருக்கு என்ன ஆனாலும் நாங்கள் பொறுப்பில்லை என்று பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். பள்ளி எழுந்தது, சுற்றிலும் வீடுகள் எழுந்தன, மழைக்காலத்தில் நிலவறைச் சுவரில் ரசாயனமும் எழுந்தது. லாயிஸ் கிப்ஸ் என்ற தாய், மகன் படித்த பள்ளி அதன்மேல் இருப்பதை அறிந்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். 1978இல் அரசு அவசரநிலை அறிவித்தும் எல்லாக் குடும்பங்களுக்கும் விடிவு வரவில்லை. 1980 மே மாதம் விசாரிக்க வந்த இரண்டு அதிகாரிகளை அந்தத் தாய்மார்கள் சில மணி நேரம் வெளியே விடவில்லை! இரண்டே நாளில் அதிபர் கார்ட்டரிடமிருந்து உத்தரவு வந்தது. (டத்தோ சிரிக்கிறார்; இங்கே யாரையும் பூட்டி வைக்க மாட்டோம்.) தும்பை விட்ட கதை அது. வாலைப் பிடிக்கப் பல ஆண்டுகளும் கோடிக்கணக்கான டாலரும் ஆயின.

சோதனைக்கு வருவோம். குழாய்க் கிணற்றில் தேங்கிய நீரை எடுத்தால் முடிவு பொய்யாகும். நான்கு அங்குலக் குழாயில் 10 மீட்டர் நீர் நின்றால் அது சுமார் 80 லிட்டர். அதைப் போல் மூன்று மடங்கு, 240 லிட்டர் இறைத்துவிட்டுப் பிடியுங்கள். உலோகச் சோதனைக்கு ஆய்வகம் நைட்ரிக் அமிலம் விட்ட பிளாஸ்டிக் போத்தல் தரும், அதை அலசக்கூடாது. பென்சீன் போன்ற ஆவியாகும் பொருள்களுக்கு 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பி. குமிழி ஒன்றுகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, மூடியபின் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். உள்ளே காற்று இடைவெளி இருந்தால் பென்சீன் அதற்குள் போய்விடும். ஐஸ் பெட்டியில் 4 பாகையில் அனுப்புங்கள். சாம் (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகமா என்று கேளுங்கள். மேட்டுக்கு மேல்புறம், சாறு போய்ச் சேராத பக்கத்தில், ஒரு கிணற்றிலும் எடுக்காவிட்டால், இது குப்பையால் வந்ததல்ல என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள்.

இத்தனை சோதனையும் எதற்கு? லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தால் கிணற்றை நம்ப வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போதுமான குழாய் நீரை முதலாளி இலவசமாகத் தரவேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் சட்டம் 446 சொல்கிறது. தோட்டம் கைமாறியது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது, குழாய் மட்டும் வரவில்லை. தும்பு நம் கையில் இருக்கும்போதே இழுக்க வேண்டும், மாண்புமிகு அவர்களே.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. தலைவர் மணியைப் பார்க்கிறார். மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு கையெழுத்து, அடையாள அட்டை எண், கிணறு இருந்தால் அதன் ஆழம். ஆழம் தெரியாதவர்கள் கயிற்றில் கல் கட்டி அளந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள்.