ரிப்போர்ட் நார்மல், அப்புறம் எதற்கு இதய ஸ்கேன்?

வணக்கம். கருவுற்ற பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மரபணு ஆலோசனை சொல்வது என் வேலை. என்னிடம் வருகிறவர்கள் ஓயாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: 'ரத்தத்தில் மரபணு டெஸ்ட் எடுத்துவிட்டோமே, நார்மல் என்றும் வந்துவிட்டதே, இதயத்துக்குத் தனியாக ஸ்கேன் எதற்கு?'

கேட்க வேண்டிய கேள்விதான். கருவின் டிஎன்ஏ துணுக்குகள் தாயின் ரத்தத்தில் மிதக்கின்றன என்று டென்னிஸ் லோ என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் இருந்தவர்களும் 1997-இல் காட்டினார்கள். அவை பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. 10-ஆவது வாரத்திலிருந்தே அவற்றை வைத்து 21, 18, 13-ஆம் குரோமோசோம்களில் ஒன்று கூடுதலாக இருக்க வாய்ப்புண்டா என்று கணிக்கலாம். 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருந்தால் வரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதயக் குறை இருக்கும் என்பதால் இதற்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு, சரி. ஆனால் பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இதயக் குறை இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் எந்த மரபணுப் பரிசோதனையிலும் காரணம் அகப்படுவதில்லை. குரோமோசோம் கணக்கு சரியாக இருக்கும், இதயச் சுவரில் ஓட்டையும் இருக்கும்.

அதை ஸ்கேனில்தான் பார்க்க முடியும், 18 முதல் 22 வாரத்துக்குள். விளக்கு மங்கிய அறை, திரையில் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சமே பெரிய இதயம், நிமிடத்துக்கு 140 தடவை போலத் துடித்துக்கொண்டிருக்கும். நான்கு அறைகளும் ஒழுங்காகத் தெரிந்ததும் நிறுத்திவிடக் கூடாது, கருவியை இன்னும் கொஞ்சம் சாய்த்து, பெரிய ரத்தக்குழாய்கள் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இணையாகப் போனால் அவை இடம் மாறிக் கிளம்பியிருக்கலாம்.

குறை தெரிந்த பிறகு மரபணுப் பரிசோதனைக்கு வேறு மதிப்பு வந்துவிடுகிறது. 15 வாரம் தாண்டினால் பனிக்குட நீரை ஊசியில் எடுத்து மைக்ரோஅரே செய்யலாம், குரோமோசோமில் சின்னத் துண்டு குறைந்தாலும் கூடினாலும் காட்டும் பரிசோதனை அது. கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். பொருள் புரியாத மாற்றம் என்று ரிப்போர்ட் வந்து வீட்டாரை அலைக்கழிப்பதும் உண்டு. அதையும் ஊசிக்கு முன்பே பேசிவிட வேண்டும், பிறகு சொன்னால் மனம் தாங்காது.

ஒரு தாய் நினைவுக்கு வருகிறார். வயிற்றிலிருந்த குழந்தைக்கு ஃபாலோ நான்கு குறை, அதாவது இதயத்தில் நான்கு குறைகள் சேர்ந்து வரும் நிலை. பெற்றே தீர்வது என்று முடிவெடுத்துவிட்டு, 'இனி டெஸ்ட் எதற்கு மேடம்?' என்றார். செய்தோம். 22-ஆம் குரோமோசோமில் சின்னத் துண்டு ஒன்று இல்லை, சாதாரண குரோமோசோம் பரிசோதனையில் கண்ணுக்கே தட்டுப்படாத அளவு. இந்தக் குழந்தைகளுக்குப் பிறந்ததும் கால்சியம் இறங்கி வலிப்பு வரலாம், நோய் எதிர்ப்பு குறைவாக இருக்கலாம், ரத்தம் ஏற்றினால் கதிர்வீச்சு செலுத்திய ரத்தமாகப் பார்த்து ஏற்ற வேண்டும். பிரசவத்துக்குப் பல வாரங்கள் முன்பே, அவருடைய ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இந்த மூன்றையும் எழுதிவைத்தோம்.